எண் இறங்கும்வரை

முதல் எட்டு வாரம் குளிர்வண்டிக்குப் பட்டறைத் தெருக்களில் நல்ல பெயர்தான் இருந்தது. அது கெட்டது ஒன்பதாவது வாரத்தில். கெடுத்தது வேறு யாருமில்லை, நான்தான் என்று நர்மதா பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் ஆறுதலுக்காக, "அப்படியெல்லாம் நெனைக்காதே" என்றால் அவளுக்குக் கோபம் வந்துவிடும்.

இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாம் ஆண்டு. கோவையில் பிப்ரவரி மாதமே ஆளை வாட்டியது. ஏப்ரலில் நாற்பத்துநான்கு டிகிரி. நர்மதா தொழில்முனைவுப் பட்டப்படிப்பில் கடைசி வருடம். அந்தப் படிப்பின் கடைசிப் பருவத்துக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, நிஜமான ஒரு தொழிலை, நிஜமான மனிதர்களிடம் பதினாறு வாரம் நடத்திக் காட்ட வேண்டும். களப்பாடம் என்று அதற்குப் பெயர். முதலிடம் பிடிக்கிற அணிக்கு, தொழில் நடத்தப் பல்கலைக்கழகம் கொடுத்த வண்டி வாகனம், கருவிகள் எல்லாம் சொந்தமாகிவிடும். மற்ற அணிகள் எல்லாவற்றையும் திருப்பி ஒப்படைத்துவிட வேண்டும்.

நர்மதாவின் அப்பா ஒரு வார்ப்படப் பட்டறையில் அச்சு கட்டுகிறவர். கோடையில் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சிமெண்ட் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வார். அரை மணி நேரத்துக்கு அவரிடம் யாரும் பேசக்கூடாது. அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு என்ன தொழில் செய்வது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. பழைய பள்ளிப் பேருந்து ஒன்றைக் கேட்டு வாங்கினாள். உள்ளே பன்னிரண்டு சாய்வு இருக்கைகள், நல்ல குளிர்சாதனம், உப்புப் போட்ட மோர். இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். கட்டணம் ஒரு டீ, ஒரு வடை விலைதான். தகரக் கூரைப் பட்டறைகள் நெருக்கியடித்த தெருக்களில் அந்த வண்டி காலை பத்து முதல் மாலை ஐந்து வரை நின்றது.

அவளோடு சேர்ந்தவன் பிரணவ். சேலத்துப் பையன். அதிகம் பேசமாட்டான். கணினி வேலை முழுவதும் அவன் கையில். அவன்தான் மருத்துவப் பொறியியல் துறையிலிருந்து அந்தப் பட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தான். கைக்கடிகாரம்போல மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. அதன் சின்னத் திரையில் ஒரே ஓர் எண் மட்டும் தெரியும்.

முதல் நாள் அதைக் கட்டிவிட்டபோது ருக்குமணி கேட்டாள்: "இது என்னத்தப் பாக்குது அம்மிணி?"

ருக்குமணிக்கு நாற்பத்து மூன்று வயது. பம்பு மோட்டாருக்குக் காயில் என்கிற கம்பிச்சுருள் சுற்றும் பட்டறை ஒன்றில் இருபத்தாறு பெண்களோடு வேலை செய்தாள். முடியைவிடக் கொஞ்சம் தடிமனான செம்புக் கம்பியை ஒரு சுற்றுகூடப் பிசகாமல் சுற்றுகிற கை. எத்தனை காயில் சுற்றுகிறாளோ அத்தனைக்குத்தான் கூலி.

"நாடித் துடிப்பு, தோல் சூடு, வேர்வையில எத்தன உப்பு போகுது, இதெல்லாம் பாக்குதுங்க்கா. சேத்து ஒரு எண் போடும். நூறுக்குப் பக்கத்துல போச்சுன்னா ஒடம்புக்கு ஒடனே குளிர்ச்சி வேணும்னு அர்த்தம்."

"நாங்களா வாயத் தொறந்து கேக்கமாட்டோம்னு இது கேக்குதாக்கும்" என்றாள் ருக்குமணி.

நர்மதாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. அதையே வண்டியின் விதியாக்கினாள். வரிசையில் யார் முன்னால் நின்றாலும் சரி, எண் எழுபதைத் தாண்டியவர்களுக்குத்தான் முதல் இடம். கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதான். இரண்டாவது வாரத்திலேயே வாட்டசாட்டமான லேத்துக்காரர்கள்கூடத் தங்கள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கு அம்பத்தஞ்சுதான், நீங்க போங்க்கா" என்று ஒதுங்கி வழிவிடத் தொடங்கினார்கள்.

எட்டாவது வார முடிவில் இடைமதிப்பீடு. பேராசிரியர் சத்தியசீலன் முப்பது வருடம் சொந்தத் தொழில் நடத்திவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். இனிமையாகப் பேசுவார். அறைக்கு வரும் மாணவர்களுக்கு அவரே டீ ஊற்றிக் கொடுப்பார். அன்றும் கொடுத்தார்.

"உங்ககிட்ட இருக்கிற மாதிரி வாடிக்கையாளர் விவரம் வேற எந்த டீம்கிட்டயும் இல்ல. மார்க் மட்டும் கடைசி. ஏன்னு யோசிச்சியாம்மா?"

"எல்லார்கிட்டயும் ஒரே ரேட்டு வாங்கறோம் சார். அதனால வருமானம் கம்மி."

"ஒரே ரேட்டு வாங்கறது தப்பில்ல. ஆனா ஒருத்தருக்கு எவ்வளவு வேணும்னு புள்ளி சுத்தமா தெரிஞ்சுக்கிட்டு, அப்புறமும் ஒரே ரேட்டு வாங்கறீங்க பாரு, அதுக்குப் பேரு தொழில் இல்ல. தண்ணிப்பந்தல். தண்ணிப்பந்தல் நல்ல விஷயம்தான், வருசா வருசம் நானே வெக்கிறேன். அதுக்கு யாரும் பட்டம் குடுக்கறதில்ல."

"அதிகமாத் தேவைப்படறவங்ககிட்ட அதிகமா வாங்கச் சொல்றீங்களா சார்?"

"நான் சொல்லல. உலகமே அப்படித்தான் நடக்குது. பிளைட்ல பக்கத்துப் பக்கத்து சீட்டுக்கு ஆளுக்கொரு விலை. யாராச்சும் சண்டை போடறாங்களா?"

"பிளைட்ல போறவங்க மயங்கி விழமாட்டாங்க சார்."

அவர் சிரித்தார். "வாய் இருக்கு உனக்கு. நல்லது. இப்ப ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. நீங்க முதலிடம் வரலேன்னா மே மாசக் கடைசியில வண்டி எங்க ஷெட்டுக்கு வந்துரும். அடுத்த கோடையில உன்ர ஜனங்க எங்க போய் உக்காருவாங்க?"

நர்மதா பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரணவைப் பார்த்தாள்.

"நம்ம துறையில விலைப்பொறின்னு ஒரு புரோகிராம் எழுதி வெச்சிருக்காங்க. பட்டையில இருந்து எண்ண எடுத்து, யார் எப்ப எவ்வளவு குடுப்பாங்கன்னு அதுவே கத்துக்கும். வருமானம் ஏறணும்னு மட்டும் சொன்னாப் போதும், மிச்சத்த அது பாத்துக்கும். நாலு வாரம் போட்டுப் பாருங்க. புடிக்கலேன்னா எடுத்துருங்க."

வெளியே வந்ததும் பிரணவ், "நீ வேண்டாம்னா வேண்டாம்" என்றான். நர்மதா இரண்டு நாள் யோசித்தாள். வண்டி திரும்பிப் போய்விடும் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கட்டணம் எவ்வளவு ஏறினாலும் பழைய கட்டணத்தின் நாலு மடங்கைத் தாண்டக்கூடாது என்று ஓர் எல்லை வைத்தாள். திங்கட்கிழமை காலை விலைப்பொறியை இயக்கும் பொத்தானை அவளே அழுத்தினாள். பிரணவ் கையை நீட்டியபோது, "இரு, நானே பண்றேன்" என்று சொல்லி அழுத்தினாள்.

அன்று முதல் வண்டிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை ஒளிர்ந்தது. பட்டையைக் காட்டினால் அவரவருக்கான கட்டணம் தெரியும். காலையில் பழைய விலையை விடவும் குறைவு. பதினொரு மணிக்குப் பழைய விலை. இரண்டு மணிக்கு மூன்று மடங்கு. வருமானம் ஒரே வாரத்தில் இரட்டிப்பானது. பேராசிரியர் வகுப்பில் அவர்கள் வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்டினார்.

ருக்குமணிதான் முதலில் கேட்டாள். "ஏனம்மிணி, எனக்கொரு ரேட்டு, தனலட்சுமிக்கு ஒரு ரேட்டா? ரெண்டு பேரும் ஒரே கூரைக்கடியிலதான வேகறோம்?"

"கூட்டத்தப் பொறுத்து மாறுங்க்கா" என்றாள் நர்மதா. அது பொய். சொன்னதும் அவளுக்கு முகம் சுட்டது. ருக்குமணி பலகையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "செரி" என்றாள். பக்கத்து நாற்காலிக்காரி தனலட்சுமி விடவில்லை. "இப்ப உள்ள போயி உக்காந்தா நாலு காயில் காசு போயிருது. எச்சா எண் வந்தா எச்சாக் காசு. அப்ப எண்ணக் கொறச்சுட்டுப் போகோணும், அவ்வளவுதான?"

அவர்கள் குறைக்கத் தொடங்கினார்கள். பட்டறைத் தொட்டியில் துணியை நனைத்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மூச்சை இழுத்துப் பிடித்து மெதுவாக விட்டார்கள். வண்டி நிழலில் உட்கார்ந்து எண் இறங்கும்வரை காத்திருந்துவிட்டு, இறங்கியதும் எழுந்து வந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்த நர்மதாவுக்கு முதலில் சிரிப்புக்கூட வந்தது. விலைப்பொறியை ஏமாற்றுகிறார்கள், நல்லா ஏமாத்தட்டும் என்று நினைத்தாள்.

துணி சுற்றத் தொடங்கிய மூன்றாம் நாள் பிரணவ் அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான். "ஈரத்துணி வேலை செய்யல. அது கண்டுபிடிச்சிருச்சு."

"எதக் கண்டுபிடிச்சுது?"

"மணிக்கட்டு திடீர்னு குளிர்ந்தா, அது துணி சுத்தினதுன்னு தெரிஞ்சுக்கிச்சு. துணி சுத்தற அளவுக்கு ஒருத்தங்க மெனக்கெடறாங்கன்னா அவங்களுக்குக் கண்டிப்பா வேணும்னு எடுத்துக்குது. துணி சுத்துனவங்களுக்கு விலை இன்னும் ஏறுது."

"எடுத்துரலாம் பிரணவ். நாளைக்கே எடுத்துரலாம்."

"நாலு வாரம்னு எழுதிக் குடுத்திருக்கோம். நடுவுல எடுத்தா முழுசா மார்க் போயிரும். இன்னும் பத்து நாள்தான்."

பத்து நாள்தான் என்று அவளும் நினைத்தாள். அதை அவள் தன்னிடமிருந்து மறைத்ததில்லை. யாரும் அவள் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. பத்து நாள்தானே என்று நினைத்தாள்.

பதினோராவது வாரம், வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி. ருக்குமணி பட்டறையிலிருந்து வந்து பலகையில் கையைக் காட்டினாள். எண் தொண்ணூற்று மூன்று. நாலு மடங்கு. வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் நிழலில், தகரத் துண்டு ஒன்றைப் போட்டு உட்கார்ந்தாள். கதவடியில் நின்ற நர்மதா, "உள்ள வாங்கக்கா, காசு நான் போட்டுக்கறேன்" என்றாள். "வேண்டாம் அம்மிணி. சித்த நேரத்துல எறங்கீரும்" என்றாள் ருக்குமணி. அந்த நேரம் உள்ளே ஒரு பெண்ணுக்கு வாந்தி வந்துவிட, நர்மதா துடைக்கப் போய்விட்டாள்.

நாற்பது நிமிடம் ருக்குமணி மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொண்ணூறு. எண்பத்தெட்டு. அப்புறம் ஏறக்குறைய ஒரேயடியாக எழுபது, அறுபது, நாற்பத்தொன்று. பட்டை மெல்ல அதிர்ந்து, அதுவரை எண் மட்டுமே தெரிந்த திரையில், அவளுக்கு மட்டும் பாதி விலை என்று காட்டியது. ருக்குமணி எழுந்தாள். முகம் சிவந்து, காய்ந்து, ஒரு துளி வேர்வை இல்லாமல் இருந்தது.

"எறங்கிருச்சு அம்மிணி" என்றாள், கதவடிக்குத் திரும்பி வந்த நர்மதாவிடம் சந்தோஷமாக. இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடி வைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் பனிக்கட்டித் தொட்டியில் போட்டார்கள். உயிர் பிழைத்துவிட்டாள். ஐந்தாம் நாள் டாக்டர், ருக்குமணியின் கணவரையும் நர்மதாவையும் தனியாகக் கூப்பிட்டார்.

"வெயில் ஒரு அளவுக்கு மேல ஏறிட்டா ஒடம்பு வேர்க்கறத நிறுத்திரும். அதுக்கப்புறம் உள்சூடு குபுகுபுன்னு ஏறும். மூளையில பின்பக்கம் இருக்கே, கை கால் அசைவையும் பேச்சையும் சீரா வெச்சுக்கறது, அதுக்குச் சூடு ஆகாது. நடப்பாங்க. பேசுவாங்க, கொஞ்சம் கொளறும். கை நடுக்கம் முழுசாப் போகுமான்னு சொல்ல முடியாது."

"காயில் சுத்துவாளுங்களா?" என்று கேட்டார் கணவர்.

டாக்டர் பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் பிரணவ் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தூங்காத கண்கள். "பட்டை பெரும்பாலும் வேர்வைய வெச்சுத்தான் கணக்குப் போடுது. வேர்வை நின்னதும் தேவையே இல்லைன்னு நெனச்சிருச்சு. எண் சரசரன்னு எறங்கினதும், விலைப்பொறி அத வேற மாதிரி புரிஞ்சுக்கிச்சு."

"எப்படி?"

"வாடிக்கையாளர் ஆசை விட்டுப் போகப் போறார்னு. அதான் பாதி விலை போட்டுக் கூப்பிட்டிருக்கு."

நர்மதா எழுந்து நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள். அவர் டீ ஊற்றப் போனார். "வேண்டாம் சார்" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"வேர்வை நின்னா பட்டை தப்பாக் காட்டும்னு துறைக்குத் தெரியுமா சார்?"

"ஆய்வுக் கட்டுரையில அடிக்குறிப்பா இருக்கும்மா."

"அடிக்குறிப்பா."

"நர்மதா, உட்காரு. உன் வருத்தம் புரியுது. அந்தம்மாவோட சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் இருக்கு. பட்டை கட்டும்போது ஒப்புதல் படிவத்துல கையெழுத்தும் வாங்கியிருக்கோம், எட்டாம் பக்கத்துல எல்லாம் தெளிவா இருக்கு. சட்டப்படி உனக்கு ஒண்ணும் வராது."

"எனக்கு ஒண்ணும் வராதுங்கறதுதான் சார் தாங்கமுடியல."

"முதல் தொழில்ல எல்லாருக்கும் ஒரு அடி விழும். அதுதான் களப்பாடம். புத்தகத்துல இது கிடைக்குமா?"

"அடி விழுந்தது எனக்கில்ல சார். நான் கத்துக்கிட்டேன், அவங்களுக்குக் கை போச்சு. அவங்க எந்தப் படிப்புல சேர்ந்தாங்க? யார் கேட்டாங்க அவங்கள, எங்க புள்ளைக கத்துக்கறதுக்கு உங்க ஒடம்பு வேணும்னு? படிவத்துல அது எத்தனாவது பக்கத்துல இருக்கு?"

சத்தியசீலன் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் தனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று நர்மதாவுக்குத் தோன்றியது.

"விலைப்பொறிய நிறுத்திட்டேன் சார். நாலு வாரம் முடியல. மார்க்கை எடுத்துக்கோங்க."

"நிறுத்து. மார்க்க நான் எடுக்கல. ஆனா அது கத்துக்கிட்டது கத்துக்கிட்டதுதான். அது பல்கலைக்கழகத்தோடது. முதல் வாரம் நீங்க ரெண்டு பேரும் போட்ட கையெழுத்து அதுக்குத்தான்."

பதினாறாவது வாரம் தொழில் விழா. அரங்கில் நானூறு பேர். முன்வரிசையில் முதலீட்டாளர்கள் மூன்று பேர். காற்று பனிபோல இருந்தது. பிரணவ் மேடையேறவில்லை. நர்மதா மட்டும் ஏறினாள். படங்கள், வரைபடங்கள் எதுவும் காட்டவில்லை. ருக்குமணியின் பட்டைப் பதிவை மட்டும் திரையில் போட்டாள். இரண்டு மணியிலிருந்து இரண்டு நாற்பது வரை ஒரே ஒரு கோடு. மேலே இருந்து கீழே விழுகிற கோடு.

நடந்ததை முழுவதும் சொன்னாள். பொத்தானை அழுத்தியது தான் என்று சொன்னாள். கூட்டத்தைப் பொறுத்து விலை மாறும் என்று தான் சொன்ன பொய்யையும் சொன்னாள். முடித்ததும், முன்வரிசையில் இருந்த முதலீட்டாளர் ஒருவர் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார்.

"ரொம்ப நேர்மையான பேச்சு. நான் ஒண்ணு கவனிச்சேன். விலை நாலு மடங்கு ஆனப்பவும் அவங்க விட்டுட்டுப் போகல. நாற்பது நிமிஷம் வண்டிப் பக்கத்துலயே காத்திருந்திருக்காங்க. இந்த மாதிரி பிடிப்புள்ள வாடிக்கையாளர்கள நான் பார்த்ததே இல்ல."

நர்மதா அவரையே பார்த்தாள். "அவங்க காத்திருக்கல. செத்துக்கிட்டு இருந்தாங்க."

அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

முதல் பரிசு குளிர்வண்டிக்கு அறிவிக்கப்பட்டபோது நர்மதா மேடைப் படியில் பாதி இறங்கியிருந்தாள். அப்படியே போய்விடத்தான் இருந்தாள். கைதட்டல் காதில் அறைந்தது. திரும்பிப் பார்த்தாள். சத்தியசீலன் வண்டிச் சாவியை நீட்டிக்கொண்டு நின்றார். அதை வாங்கி அவர் முகத்திலேயே எறிய வேண்டும் என்று கை துடித்தது. ஏறிப் போய் வாங்கிக்கொண்டாள். எறியவில்லை. நன்றியும் சொல்லவில்லை.

அன்று மாலையே காயில் பட்டறைக்குப் போனாள். பெண்கள் வேலையை நிறுத்தவில்லை. ருக்குமணியின் நாற்காலியில் புதிதாக ஒருத்தி உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். நர்மதா வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததைச் சொல்லத் தொடங்கினாள். தப்பு என்னுதுதான், உங்க எல்லாருகிட்டயும் மன்னிப்பு…

"மன்னிப்ப வெச்சுட்டு நாங்க என்ன பண்றது" என்றாள் தனலட்சுமி, கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சாவியக் குடு."

நர்மதா கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"வண்டி உனக்குத்தான்னு சொன்னாங்களாமே. கைல இருக்கறது அதுதான? குடு. என்ர ஊட்டுக்காரரு லாரி ஓட்டறவரு, அவரு கொண்டாந்து நிறுத்துவாரு. கரண்டுக்கும் மோருக்கும் நாங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கறோம்."

சாவியைக் கொடுத்தாள். கொடுத்த பிறகு, தன்னையறியாமல், "யாரு மொதல்ல போகணும்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? பட்டை இல்லாம…" என்று கேட்டாள்.

அப்போதுதான் தனலட்சுமி நிமிர்ந்தாள். "மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா? இத்தன வருசம் ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துட்டுத்தான் இருந்தோம். நீ வந்துதான அவியவிய கையப் பாக்க வெச்ச."

நர்மதா வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

பட்டம் வந்தது. வேலைக்கு இரண்டு நிறுவனங்கள் கூப்பிட்டன. இரண்டுமே தொழில் விழாவில் அவள் பேச்சைக் கேட்டவை. நர்மதா போகவில்லை. ஒரு பம்புக் கடையில் விற்பனைக்குச் சேர்ந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அரைநாள் விடுப்பு. ருக்குமணியைப் பேருந்தில் ஏற்றிப் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போவாள். ஒரு தனியார் மருத்துவமனையில் அரைமணி நேரம் கைப்பயிற்சி. ருக்குமணி அவளை மன்னித்தாளா என்று நர்மதா கேட்டதில்லை. ருக்குமணியும் அதைப் பற்றிப் பேசியதில்லை. "மொளகா… வெல… எவ்ளோ" என்று கேட்பாள். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு. நர்மதா சொல்வாள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது மருத்துவமனை முன்கூடம் மாறியிருந்தது. புதிதாக ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் பத்தொன்பது, இருபது வயதுப் பெண் ஒருத்தி. கழுத்தில் நர்மதா படித்த அதே பல்கலைக்கழகத்தின் அடையாள அட்டை. சுவரில் பெரிய பலகை ஒன்று. முப்பது டோக்கன்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஓர் எண், அதற்கெதிரில் ஒரு கட்டணம். உட்கார்ந்திருந்த எல்லார் மணிக்கட்டிலும் பட்டை.

"வாங்க்கா, கையக் காட்டுங்க" என்றாள் அந்தப் பெண் ருக்குமணியிடம், மலர்ந்த முகத்தோடு. "வலி எவ்வளவுன்னு இது பாக்கும். அதிகமா வலி இருக்கறவங்களுக்கு மொதல்ல தெரபி. நாங்க காலேஜ் புராஜெக்ட்டுங்க்கா."

"கட்டணம் ஏன் ஆளுக்கொண்ணா இருக்கு?" என்று கேட்டாள் நர்மதா.

அந்தப் பெண்ணின் பார்வை மேசைக்குத் தாழ்ந்தது. "அது… இந்த வாரந்தான் மாத்துனோம். கூட்டத்தப் பொறுத்து."

நர்மதாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. கை ஓங்கிவிடுமோ என்று பயந்து பின்னால் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் கண்ணடியில் கருவளையம். மேசைமேல் திறக்காத டிபன் டப்பா. இவளை அடித்து என்ன ஆகப் போகிறது. அடிக்க வேண்டியவர் இந்நேரம் யாருக்கோ டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

ருக்குமணி பட்டையைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மேசைக்கு முன்னால், நடைவழியின் நட்டநடுவில், மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அக்கா, போட்டாத்தான் டோக்கன் வரும்" என்றாள் அந்தப் பெண்.

"மாட்டேன்" என்றாள் ருக்குமணி. அது குழறாமல் வந்தது.

"என்னாச்சுங்க அவங்களுக்கு?" என்று வரிசையில் இருந்த ஒருவர் கேட்டார்.

நர்மதா திரும்பினாள். "சொல்றேன். எல்லாரும் கேளுங்க. இவங்க பேரு ருக்குமணி. மோட்டாருக்குக் காயில் சுத்திட்டிருந்தவங்க. அவங்க கையில மொதமொதல்ல இந்தப் பட்டையக் கட்டுனது நான்."

கத்தவில்லை. ஆனால் முன்கூடம் முழுவதும் கேட்கிற குரலில் சொன்னாள். தொண்ணூற்று மூன்றைச் சொன்னாள். ஈரத்துணியைச் சொன்னாள். பாதி விலையைச் சொன்னாள். மேசைப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தில் இப்போது மலர்ச்சி இல்லை. உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு கிழவர், "மனுசங்களா இவனுக" என்றார்.

சுவர்ப் பலகையை முதலில் கவனித்தது முழங்காலில் கட்டுப் போட்டிருந்த ஓர் ஆட்டோக்காரர். அவருடைய எண் நாற்பதிலிருந்து எழுபதுக்குப் போயிருந்தது. எதிரிலிருந்த கட்டணமும்தான். அவருக்கு மட்டுமில்லை. முப்பது பேருக்கும் எண்கள் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தன. துடிப்பு எகிறுகிறது, தோல் சுடுகிறது, வேர்க்கிறது. இவர்களுக்கு வலி தாங்கவில்லை, எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார்கள் என்று விலைப்பொறி முடிவு கட்டியிருந்தது.

"அட, நம்ம கோவத்துக்கும் சேத்து ரேட்டு போடுது பாருங்க" என்றார் ஆட்டோக்காரர். மணிக்கட்டைத் திருப்பி, பல்லால் வாரைக் கடித்து இழுத்து, பட்டையைக் கழற்றி மேசைமேல் போட்டார்.

பலகையில் அவர் வரி அணைந்தது. பின்னாலிருந்து இரண்டு பேர் தங்கள் பட்டையைக் கழற்றிக்கொண்டே எழுந்து மேசையை நோக்கி வந்தார்கள்.